நான்காவது கட்டில்

ஆணி ஒவ்வொரு கட்டிலாகப் படுத்துப் பார்த்தாள். கட்டில் என்றால் மரக்கட்டில் இல்லை. தரையில் நீல டேப் ஒட்டிப் போட்ட நீள்சதுரங்கள், அவ்வளவுதான். எத்தனை தரம் படுத்து எழுந்தாலும் மூன்றுதான் வந்தது. வீட்டில் ஆட்கள் நாலு பேர்.

கணக்கில் அவள் பெரிய சூரப்புலி இல்லை. ஆனாலும் நாலு பேருக்கு மூணு கட்டில் என்றால் ஒருத்தர் நின்றுகொண்டே தூங்க வேண்டும், இல்லாவிட்டால் வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும் என்று புரிந்துகொள்ளப் பத்தாவது படிப்பே போதும். அந்த ஒருத்தர் யார் என்பதும் அவளுக்குத் தெரிந்திருந்தது.

அந்த வீட்டின் உள்சுவர்கள் இடிபட்ட கதையைப் போன வாரம் பார்த்தோம். சின்ன வீடுகளுக்குள் இடம் கண்டுபிடித்துக் கொடுப்பது அம்மாவின் தொழில். கையகலக் குளியலறைக்குள் துணி துவைக்கும் மெஷினை நுழைப்பாள். மாடிப்படியின் வயிற்றுக்குள் அலமாரி வைப்பாள். ஊரார் வீட்டுக்கெல்லாம் இடம் கண்டுபிடித்தவள், கடைசியில் தன் வீட்டில் கை வைத்தாள். படுக்கையறைச் சுவர், சமையலறைச் சுவர் இரண்டும் போயின. பெரிய கட்டிலும் கைமாறிப் போனது. குளியலறைக்கு மட்டும் கதவு மிச்சம்.

பலகை அறுப்பதற்கு முன்னால் அம்மா ஒரு காரியம் செய்வாள். வரப்போகிற வீட்டை அப்படியே முழு அளவில் தரையில் டேப்பால் ஒட்டிவிடுவாள். குடியிருப்பவர்கள் சில நாள் அதற்குள் நடமாடிப் பார்க்க வேண்டும். கோட்டைத் தாண்டக் கூடாது, கோட்டில் இடைவெளி விட்ட இடம்தான் வாசல். கோட்டுக்கு அந்தப் பக்கம் இருப்பவரைப் பார்க்கவும் கூடாது, பேசவும் கூடாது. ஏனென்றால் நாளைக்கு அங்கே சுவர் இருக்கும். எந்த இடத்தில் இடிக்கிறது என்று மூளைக்குத் தெரிவதற்கு முன்னால் முழங்காலுக்குத் தெரிந்துவிடும் என்பாள்.

வாடிக்கையாளர்கள் இரண்டு நாளில் சலித்துப்போய்த் தாண்டிக் குதிப்பார்கள். சொந்தக் குடும்பத்துக்கு அந்தச் சலுகை இல்லை.

அன்று காலையில் ஆணியின் அண்ணன் கோட்டை மிதித்துக்கொண்டு குளியலறைக்கு ஓடினான். ஆணி என்பதைப் போலவே அவனுக்கும் ஒரு வீட்டுப் பெயர், வளர்த்தி அதிகம் என்பதால் ஒட்டகம். அம்மா பல் தேய்த்துக்கொண்டே தடுத்து நிறுத்தினாள். சுவருக்குள்ளே புகுந்து போகிறாயே, பேயா நீ என்று கேட்டாள்.

"அவசரத்துக்குப் பேயா மாறினா தப்பில்லம்மா" என்றான் ஒட்டகம். ஆனாலும் திரும்பிப் போய், வாசல் வழியாகச் சுற்றிக்கொண்டுதான் வந்தான். அந்த வீட்டில் அம்மா சொன்னால் டேப்கூடச் செங்கல்தான்.

மூன்று கட்டில்களில் ஒன்று ஒட்டகத்துக்கு. உயரத்தில் தொங்கும், கீழே படிக்கிற மேஜை. இன்னொன்று ஆணிக்கு, அடியில் இழுப்பறைகள். மூன்றாவது அம்மாவுக்கு, பகலில் சுவரோடு மடிந்துகொள்ளும். அப்பாவுக்குத் தனியாக எதற்கு? அவர் லிஃப்ட் மெக்கானிக். ஊர் தூங்கினால்தான் லிஃப்டை நிறுத்திவைத்து வேலை பார்க்க முடியும் என்பதால் வருஷக்கணக்கில் ராத்திரி ஷிஃப்ட். அவர் வந்து படுக்கிற நேரத்துக்குள் ஒட்டகம் கல்லூரிக்குக் கிளம்பியிருப்பான். அவன் படுக்கையில் அவர் படுக்கலாம். ஒரு கட்டில் பகல் முழுக்கச் சும்மா கிடப்பதைப் பார்த்தால் அம்மாவுக்குத் தாங்காது.

கச்சிதமான திட்டம். ஓட்டை ஒன்றே ஒன்றுதான். அந்த ஓட்டை ஆணிக்கு மட்டும் தெரியும்.

போன வாரம் படிக்கட்டில் வைத்து அப்பா சொல்லியிருந்தார். "அடுத்த மாசத்துலேர்ந்து எனக்கு ராத்திரி வேலை இல்லடி ஆணி. பகல் ஷிஃப்ட் கேட்டு வாங்கிட்டேன். அம்மாகிட்ட நானே சொல்லிக்கறேன். நீ வாயத் தெறக்காத."

ஏன் என்று அவள் கேட்டதற்கு ஷூ லேஸைக் கட்டிக்கொண்டார். அவிழாத லேஸ் அது.

அதற்குப் பிறகு அவர் சொல்லவே இல்லை. டேப் ஒட்டிய அன்றும் சொல்லவில்லை. மூன்று கட்டிலையும் நின்று பார்த்தார், தலையை ஆட்டினார், டிபன் டப்பாவை எடுத்துக்கொண்டு போனார். நாளைக் காலையில் கார்பென்டர் வருகிறார். பலகைகள் வெளியே வராந்தாவில் அடுக்கியாகிவிட்டது.

இன்றைக்கும் அவர் வேலை முடிந்து வந்து, ஷூவைக் கழற்றி, வாசல் வழியாகவே நுழைந்து, கோடுகளுக்கு நடுவே காலை அடக்கி அடக்கி வைத்து நடந்தார். யாரோ தெரியாதவர் வீட்டுக்குள் நடப்பது மாதிரி. அம்மா கைப்பையை மாட்டிக்கொண்டு நின்றவள் நகராமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நாளைக்குப் பலகை அறுத்துட்டா மாத்த முடியாதுங்க. எதாவது மாத்தணுமா?"

"நீ போட்டா சரியாத்தான் இருக்கும்."

"நல்லாப் பாத்துச் சொல்லுங்க."

"பாத்துட்டேன். நல்லாருக்கு."

அம்மா இன்னும் கொஞ்ச நேரம் நின்றாள். வாசலில் செருப்பை மாட்ட அவளுக்கு வழக்கத்தைவிட நேரமானது. ஆணிக்குத் தொண்டை வரைக்கும் வார்த்தை வந்துவிட்டது. அப்பா அவளைப் பார்த்தார். வார்த்தை வந்த வழியே உள்ளே இறங்கிப் போனது.

இந்தப் பெரியவர்கள் விஷயமே அவளுக்குப் பிடிபடவில்லை. ஷிஃப்ட் மாறியதைச் சொல்வதில் என்ன கஷ்டம்? நல்ல செய்திதானே? ராத்திரி வீட்டில் இருக்கப்போகிறேன் என்று எந்தப் புருஷன் ஒளித்துவைப்பான்? ஒருவேளை அவருக்கு இருக்கவே விருப்பம் இல்லையோ? பள்ளிக்கூடத்தில் பக்கத்து பெஞ்சுக்காரியின் அப்பா இப்படித்தான் வாயே திறக்காமல் இருந்து இருந்து, ஒருநாள் பெட்டியோடு போனார். அந்தப் பெண் இப்போது வாரத்தில் பாதி அங்கே, பாதி இங்கே. எந்த வீட்டில் எந்தப் புத்தகம் இருக்கிறது என்றே அவளுக்குத் தெரிவதில்லை.

அம்மாவும் ஒட்டகமும் கிளம்பினார்கள். ஆணிக்குப் பரீட்சைக்குப் படிக்கிற விடுமுறை. ஒட்டகத்தின் நீள்சதுரத்துக்குள் மெத்தையைப் போட்டு அப்பா தூங்கினார். குறட்டை சீராக வந்தது. ஆணிக்கு மடியில் புத்தகம், கண்ணெல்லாம் தரையில்.

சரி, ஒரு கட்டிலுக்கு இடம் வேண்டும். அவ்வளவுதானே. இடம் கண்டுபிடிக்கிறவள் பெற்ற பெண்தானே நான்? ஆணி எழுந்தாள்.

ஃப்ரிட்ஜ் ஓரத்தில் போட்டால் ஃப்ரிட்ஜ் கதவு திறக்காது. அப்பா எழுந்தால்தான் யாரும் பால் எடுக்க முடியும். செருப்பு அலமாரிப் பக்கம் போட்டால் தெருக்கதவு அவர் முழங்காலில் இடிக்கும். சாப்பாட்டு மேஜையை எடுத்துவிட்டால்? மேஜை ஏற்கனவே சுவரோடு மடிகிறது, எடுப்பதற்கு அங்கே ஒன்றும் இல்லை. தன் கட்டிலையே கொடுத்துவிட்டால் என்று கூட யோசித்தாள். அப்போது கணக்கு மறுபடியும் மூன்றிலேயே வந்து நின்றது. இந்தத் தடவை வெளியே நின்றவள் அவள்.

மிச்சம் இருந்தது அம்மாவின் மேஜை மட்டும்தான்.

அம்மா கட்டிலை ஒட்டினாற்போல், ஜன்னல் ஓரமாக அம்மாவுக்கென்று ஒரு வேலை மேஜை ஒட்டியிருந்தது. கல்யாணமான நாளிலிருந்து அம்மா அடுப்புத் திட்டிலும் மடியிலும் வைத்துத்தான் படம் வரைகிறாள். தனக்கென்று ஒரு மேஜை வேண்டும் என்று அவள் கேட்டதை ஆணியே எத்தனையோ தரம் கேட்டிருக்கிறாள். அதைப் போய் எடுப்பதா? அம்மா கோபித்தால் சத்தம் போட மாட்டாள். பேசாமல் இருப்பாள். அதற்குச் சத்தமே தேவலை.

அப்பா புரண்டு படுத்தார். கால் கோட்டுக்கு வெளியே வந்தது. தூக்கத்திலேயே, நம்பினால் நம்புங்கள், காலை உள்ளே இழுத்துக்கொண்டார்.

ஆணிக்கு அழுகை வந்துவிட்டது. டேப் உருளையை எடுத்துக்கொண்டாள்.

நகத்தால் கீறிக் கீறி மேஜையின் ஒரு பக்கக் கோட்டை உரித்தாள். டேப் உரியும்போது சர்ரென்று சத்தம் வந்தது. குறட்டை நிற்கும், அவளும் நிற்பாள். குறட்டை தொடரும், அவளும் தொடர்வாள். கோட்டை ஜன்னல் பக்கமாக ஒரு முழம் தள்ளி ஒட்டினாள், மேஜை கட்டில் அகலமானது. நீளத்தை மாற்ற வேண்டியே வரவில்லை. ஒட்டி முடித்தபோது அம்மாவின் கட்டிலும் புதுக் கட்டிலும் பக்கத்துப் பக்கத்தில் படுத்திருந்தன. ஜன்னல் ஓரக் கோடு மட்டும் கொஞ்சம் கோணல். அம்மா ஒட்டினால் ரெயில் தண்டவாளம் மாதிரி இருக்கும்.

தேநீர் நேரத்துக்கு அப்பா எழுந்தார். எழுந்து உட்கார்ந்தவர் அப்படியே உட்கார்ந்திருந்தார். அவர் கண் போன திசையை ஆணி பார்க்கவில்லை, புத்தகத்தை முகத்துக்கு நேரே தூக்கிக்கொண்டாள்.

"அங்க மேஜைல்ல இருந்துது?"

பக்கத்தைப் புரட்டினாள்.

"ஆணி. இது உங்கம்மா பண்ணதா?"

இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். ஆனால் அந்த முகத்தில் ஏதோ ஒன்று வந்திருந்தது. பல வருஷமாக மாட்டிக்கொண்டிருந்த லிஃப்ட் கதவு ஒரு விரற்கடை திறந்தாற்போல. அதை மூட அவளுக்கு மனம் வரவில்லை.

"ம்" என்றாள்.

அதற்கப்புறம் அப்பா செய்ததெல்லாம் அவளை இன்னும் பயமுறுத்தியது. பாட்டுகூட இல்லாமல் விசில் மட்டும் அடித்துக்கொண்டு குளித்தார். கிளம்புகிற நேரம் ஆகியும் கிளம்பவில்லை. லிஃப்ட் கம்பெனி டிப்போவுக்கு போன் செய்து, இன்றைக்குக் கொஞ்சம் தாமதமாக வருவேன், வீட்டில் பேச வேண்டியிருக்கிறது என்றார். பிறகு புதுக் கட்டிலின் ஓரத்தில், வெறும் தரையில், சம்மணம் போட்டு உட்கார்ந்து வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு சின்ன ‘ம்’. அது இப்படி வீடு முழுக்க நிறைந்து நிற்கும் என்று யார் கண்டார்கள்? அம்மா வருவாள். யார் மேஜையை எடுத்தது என்று கேட்பாள். அப்பா விழிப்பார். அம்மாவும் விழிப்பாள். பிறகு இரண்டு பேரும் சேர்ந்து அவள் பக்கம் திரும்புவார்கள். ஷிஃப்ட் விஷயம் ஒளிந்திருந்து வெளிவந்ததாகத்தான் அம்மாவுக்குப் படும். மகளிடம் சொல்லத் தெரிந்தது, பெண்டாட்டியிடம் சொல்லத் தெரியவில்லையா என்பாள். பெட்டி, படுக்கை, பாதி வாரம் அங்கே, பாதி வாரம் இங்கே. ஒட்டகத்தை எந்தப் பக்கம் வைத்துக்கொள்வார்கள்?

சாவி திரும்பியது.

அம்மா உள்ளே வந்து விளக்கைப் போட்டாள். கைப்பையைக் கீழே வைக்கவில்லை. தரையைப் பார்த்தாள். கோணல் கோட்டைப் பார்த்தாள். ஆணியின் நகத்தில் ஒட்டியிருந்த நீலத் துணுக்கைப் பார்த்தாள். கடைசியில்தான் அப்பாவைப் பார்த்தாள்.

"உனக்கு எப்பலேர்ந்து தெரியும்?" என்றார் அப்பா.

அம்மாவின் கண் இன்னொரு தரம் ஆணியின் நகத்துக்குப் போய்த் திரும்பியது.

"முன்னாடியே தெரியும்" என்றாள் அம்மா. "நீங்களா சொல்லட்டும்னு இருந்தேன்."

இது தன்னைக் காப்பாற்றச் சொன்ன பொய்யா, இல்லை நிஜமாகவே தெரியுமா? ஆணியால் கண்டுபிடிக்க முடியவில்லை. அம்மா வாசல் வழியாகச் சுற்றி வந்து, தன் கட்டில் கோட்டுக்குள் உட்கார்ந்தாள். டிப்போ சூப்பர்வைசரின் சம்சாரம் அலமாரி செய்யக் கேட்டு வந்தாளாம். இனி வீட்டுக்காரர் ராத்திரி வீட்டில் இருப்பார், உங்களுக்கு நிம்மதி என்றாளாம். தெரியாத மாதிரி காட்டிக்கொள்ளாமல் ஆமாம் என்று சிரித்து வைத்ததாக அம்மா சொன்னாள். அப்படிச் சிரித்ததில் கன்னம் இன்னும் வலிக்கிறது என்றாள்.

"தெரிஞ்சுக்கிட்டேவா மூணு கட்டில் போட்ட?" அப்பாவின் குரல் இறங்கிவிட்டது.

"எனக்குக் கட்டில் எங்கன்னு நீங்களே கேப்பீங்கன்னு பாத்தேன். நாலு நாளா இந்தக் கோட்டுக்குள்ள நடக்கறீங்க. ஒரு வார்த்தை கேக்கல."

"என்னத்தக் கேக்கறது? நீ அளந்து போடறவ. போடலன்னா வேண்டாம்னுதான அர்த்தம்?" அப்பா தரையைப் பார்த்துக்கொண்டே பேசினார். டிப்போ மாடியில் ஆட்கள் தங்க ஒரு அறை இருப்பதாகவும், ஒரு கட்டில் காலியாக இருக்கிறதா என்று விசாரித்து வைத்ததாகவும் சொன்னார்.

அம்மா கைப்பையை இப்போதுதான் கீழே வைத்தாள். டமால் என்று வைத்தாள்.

"ஏங்க, எந்த ஊர்லங்க மேஜை ஆறே கால் அடி நீளம் இருக்கும்? என் கைக்கு எட்டுமா அந்தக் கடைசி? லிஃப்டுக்குள்ள ஒரு நூல் பிசகினா கண்டுபிடிக்கற மனுஷன், இதப் பாக்கத் தெரியலயா?"

அப்பா திரும்பி அந்த இடத்தைப் பார்த்தார். ஆணியும் பார்த்தாள். அவள்தான் நீளத்தை மாற்றவே இல்லையே. அப்பாவின் நீளம் அது. மேஜை என்ற பெயரில் அம்மா அதை அங்கே பிடித்து வைத்திருந்தாள். பஸ்ஸில் கைக்குட்டை போட்டு இடம் பிடிப்பது போல.

அப்பா மெதுவாக அந்தக் கோடுகளுக்குள் படுத்தார். தலை ஒரு முனையில் படிந்தது, குதிகால் இன்னொரு முனையில் நின்றது. கோணல் கோட்டின் பக்கம் மட்டும் முழங்கை கொஞ்சம் வெளியே போனது. அம்மா குனிந்து, அந்த டேப்பை உரித்து, நேராக ஒட்டினாள். அவள் கண் தன் பக்கம் வரும் என்று ஆணி காத்திருந்தாள். வரவில்லை. உரித்த டேப்பை உருட்டி அவள் மடியில் எறிந்ததோடு சரி.

நாளைக்குக் கார்பென்டரிடம் நாலு என்று சொல்லிவிடுகிறேன் என்றாள் அம்மா. மேஜை? அதை அப்புறம் பார்க்கலாம், அடுப்புத் திட்டு எங்கேயும் ஓடிப்போகாது என்றாள். அப்பா, ஒட்டகத்தின் கட்டிலுக்கு அடியில் இருக்கிற மேஜையை அம்மாவுக்கும் சேர்த்துக் கொஞ்சம் நீட்ட முடியாதா என்று கேட்டார். முடியாது என்று அம்மா சொன்ன வேகத்திலேயே, முடியும் என்று அவள் யோசிக்க ஆரம்பித்துவிட்டது தெரிந்தது.

ஆணி மூச்சு விட்டாள். போகவில்லை. அப்பா எங்கேயும் போகவில்லை.

"சரி, ஒண்ணு மட்டும் சொல்லுங்க" என்றாள் அம்மா. "ராத்திரி வேலைதான் நிம்மதி, போன் தொல்லை இல்லன்னு சொல்லிட்டிருந்தவர் நீங்க. திடீர்னு எதுக்குப் பகல்?"

அப்பா படுத்தபடியே கூரையைப் பார்த்தார். பிறகு ஆணியைப் பார்த்தார். அம்மா புரிந்துகொண்டாள்.

"ஆணி, உன் ரூமுக்குப் போ."

அவள் எழுந்து, கோட்டின் இடைவெளி வழியாக நுழைந்து, தன் கட்டிலில் சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். அவர்களுக்கும் அவளுக்கும் நடுவே ஒரு விரல் அகல டேப். கையை நீட்டினால் அம்மாவின் முதுகைத் தொடலாம். வேறு எங்கே போவாள்? வீட்டில் கதவு என்று இருப்பது குளியலறைக்குத்தான், அங்கே ஒட்டகத்தின் துணி ஊறுகிறது.

பிறகு அப்பா பேசினார். சுவர் இருக்கிறது என்று நம்பிப் பேசுகிறவர் குரலில்.

"போன மாசம் ஒரு ராத்திரி, லிஃப்டு ரிப்பேர்னு போர்டு வெச்சுட்டுதான் வேல பாத்தேன். உள்ள ஆள் இல்லன்னு நெனச்சு லைட்ட அணைச்சு, நடுவுலயே நிறுத்தி வெச்சுட்டு டீ குடிக்கப் போயிட்டேன்."

"உள்ள ஆள் இருந்தாங்களா?"

"ஒரு பொண்ணு. நம்ம ஆணி வயசுதான் இருக்கும். எவ்ளோ நேரம் இருட்டுல கத்துச்சோ தெரியல. நான் திரும்பி வந்தப்ப சத்தம் இல்ல."

ஆணியின் கைக்குள் டேப் உருண்டை நசுங்கியது.

"அந்தப் பொண்ணு இப்ப எங்க?" அம்மா கேட்டாள். அவள் குரல் அம்மாவின் குரலாகவே இல்லை.

அப்பா எழுந்து உட்கார்ந்தார். அவர் பார்வை தன் முதுகில் வந்து விழுந்ததை ஆணி உணர்ந்தாள். திரும்பினால் கேட்டது தெரிந்துவிடும். திரும்பாமல் இருந்தாலும், இத்தனை நேரம் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருப்பதிலேயே தெரிந்துவிடும். கேட்டவள் எப்படி உட்காருவாள், கேட்காதவள் எப்படி உட்காருவாள் என்று அவளுக்குக் குழம்பிப் போயிற்று.